பனையோரம் நின்று பார்த்தவள்: குத்துச்சண்டையை எட்டநின்று கண்டோரின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

விளையாட்டு வரலாறு எழுதுவோர் ஆடியவரைப் பற்றி எழுதுவர். ஆட்டுவித்தவரைப் பற்றியும் எழுதுவர். பார்த்தவரைப் பற்றி எழுதுவது அரிது. அதிலும், ஆட்டத்தின் விதி அறியாமல், வீரனின் பெயரை மட்டும் அறிந்து, அந்த ஒருநாள் மட்டும் வந்து நின்று, கூச்சலிட்டு, மறுநாள் தம் வேலைக்குத் திரும்பிவிட்டவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ஆயினும் குத்துச்சண்டை போன்ற ஆட்டம் இந்நாட்டில் உயிர்தரித்திருப்பது பெரும்பாலும் இத்தகையோரால்தான். சித்தூர், திருப்பதிப் பகுதியை நடுவில் வைத்து இதனை எண்ணிப் பார்க்கும் முயற்சி இது. நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் தொடர்க.

தமிழில் இத்தகைய பார்வையாளரின் முதற்குரல் புறநானூற்றில் இருக்கிறது என்பது என் கருத்து. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றி ஆறு பாடல்கள், 80 முதல் 85 வரை, அடுத்தடுத்துத் தொகுக்கப்பட்டுள்ளன. முதல் மூன்றும் சாத்தந்தையார் பாடியவை; பின் மூன்றும் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார் பாடியவை. உறையூர்த் தித்தனின் மகனான கிள்ளி, தந்தையோடு பகைத்து வெளியேறியவன். ஆமூரில் பெயர்பெற்ற மல்லன் ஒருவனோடு அவன் பொருதான். ‘போரவை’ என்னும் அடைமொழியை மற்போர்க் களத்தோடு இணைத்துப் பொருள் கொள்வாரும் உளர். ஊர்ப்பெயராகக் கொள்வாரும் உளர். அவ்வழக்குக்குள் இங்குப் புகவில்லை.

சாத்தந்தையார் விவரம் அறிந்த பார்வையாளர். ஒரு முழங்கால் மல்லனின் மார்பில் ஊன்றியிருந்ததையும், மற்றொரு கால் அவன் செய்த பிடியைத் தடுத்து முதுகை வளைத்ததையும் நுணுகிச் சொல்கிறார். பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயல்வதுபோல் தலையும் காலும் ஒருசேர ஒடியும்படி மோதினான் என்கிறார். மகனைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அந்தத் தந்தை இதனைக் கண்டிருக்க வேண்டும் என்று ஏங்குகிறார். 82ஆம் பாட்டில் அவர் காட்டும் உவமை உலகின் எந்த விளையாட்டு எழுத்தாளனுக்கும் பொறாமை தரத்தக்கது. ஊரில் திருவிழா தொடங்கிவிட்டது; வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம்; மழை பெய்கிறது; பொழுது சாய்கிறது; அந்நேரத்தில் கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளியின் கை ஊசி எத்துணை விரைவாய் ஓடுமோ அத்துணை விரைவாய் அந்தப் போர் நிகழ்ந்ததாம். கையின் வேகத்தை ஆயுதத்தோடோ மின்னலோடோ ஒப்பிடாமல், வீட்டுக்குப் போக வேண்டிய உழைப்பாளியின் அவசரத்தோடு ஒப்பிட்டவர் அவர்.

நக்கண்ணையார் வேறு வகை. அவருக்குப் பிடியும் தெரியாது, அடியும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒருவனை மட்டுமே. கூழ் உண்டும் அவன் தோள் பெருத்திருக்கிறது, அவன் இருக்கும் இடத்துக்குப் பின்புறமே இருந்தும் என் உடல் பொன்னிறப் பசலை பூத்துவிட்டது என்று 84ஆம் பாட்டில் சொல்பவர், 85ஆம் பாட்டில் சண்டையைப் பார்க்க ஓடுகிறார். இவ்வூர் அவனுக்குச் சொந்த ஊர் அன்று. இந்நாடும் அவன் நாடு அன்று. ஆகவே கூடியிருந்தோரில் ஒருசாரார் வெற்றி அவனுக்கே என்கின்றனர். மறுசாரார் இல்லை என்கின்றனர். இருதரப்புப் பேச்சையும் கேட்ட அவர், சிலம்பு ஒலிக்க ஓடி, தம் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணால் கண்டதாகச் சொல்லி முடிக்கிறார்.

உரையாளர் இப்பாடல்களைக் கைக்கிளை என வகுத்தனர், அவ்வகைப்பாடு சரியே. ஆனால் விளையாட்டு வரலாற்றுக்கு அவற்றுள் வேறொரு சான்றும் கிடக்கிறது. வெற்றி எது என்பதில் கூட்டம் இரண்டுபட்டது. அவ்விரண்டுபடுதலுக்குக் காரணம் வீரனின் திறம் அன்று, அவன் எவ்வூரான் என்பதே. பொதுவில் இல்லாமல், தம் வீட்டு மரத்தடியில், எட்ட நின்று பார்த்த ஒருத்திக்கு மட்டும் அந்த ஐயம் எழவில்லை. களத்தருகே நின்றோரைவிடத் தொலைவில் நின்றவரே உறுதியாய்ப் பேசும் இவ்விந்தையை இன்றும் எந்தத் தேநீர்க் கடையிலும் காணலாம்.

‘எவ்வூரான்’ என்னும் இவ்வினா எங்கள் பகுதியில் சற்றே சிக்கலானது. வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் சொல்லும். சித்தூர் நெடுங்காலம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்தது. 1911இல் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சத்தியவேடு இப்பக்கம் வந்தது. 2014இல் ஆந்திரமே இரண்டாயிற்று. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். ஒரே வீட்டில் இருந்துகொண்டே மூன்று தலைமுறையினர் மூன்று முகவரி எழுதிய ஊர் இது. இப்படிப்பட்ட ஊரில் ‘நம்ம ஆள்’ என்று ஒரு வீரனைச் சொல்லும்போது அந்த ‘நம்ம’ எதுவரை நீளும் என்பது உள்ளபடியே ஒரு வரலாற்று வினா.

இப்பகுதியின் அரசியல் தலைமை விசயநகரமாய் இருந்த காலத்தைப் பற்றி ஒரு சான்று. ஏறத்தாழ 1520இல் கிருஷ்ணதேவராயரின் தலைநகருக்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், மகாநவமி விழாவில் கண்ட மல்லர் சண்டையை விவரிக்கிறார். இராபர்ட் சீவெல் 1900இல் வெளியிட்ட ஆங்கில நூலின் வழியே அக்குறிப்பு நமக்குக் கிடைக்கிறது. பயஸ் காண்பது நம் நாட்டு மக்கள் நினைப்பதுபோன்ற வெறும் மற்போர் அன்று. குத்தும் அதில் உண்டு. பற்கள் உடைகின்றன, கண்கள் சிதைகின்றன, முகங்கள் உருமாறுகின்றன. பேச்சற்றுப் போனவர்களை நண்பர்கள் தூக்கிச் செல்கின்றனர். கையில் முனைகள் கொண்ட வளையங்களோடு மோதுவோரும் இருந்தனர் என்கிறார் நூனிஸ். அவர்களுள் மிகுதியாய்க் காயம்பட்டவன் சென்று பட்டாடைப் பரிசைப் பெறுகிறான் என்று அவர் எழுதுகிறார். இருவரையும் சமநிலையில் நிறுத்தவும் வெற்றியைத் தீர்க்கவும் நடுவர்கள் இருந்தனர் என்பதும் பயஸின் குறிப்பில் உண்டு.

காயம்பட்டவனுக்குப் பட்டு என்பதைப் படித்தபோது நூனிஸ் எதையோ தவறாகப் புரிந்துகொண்டாரோ என்று நான் முதலில் எண்ணினேன். பின்னர்ப் பார்வையாளனின் பக்கமிருந்து அதனை எண்ணியபோது அவ்வளவு வியப்பாகத் தோன்றவில்லை. கூட்டம் பார்க்க வந்தது குருதியை; அதனைக் கொடுத்தவனுக்கு அரசன் விலை கொடுத்தான்.

அந்த அரசனும் மல்லனே. விடியுமுன் நல்லெண்ணெய் பருகி, உடலெங்கும் எண்ணெய் பூசி, எடைகளைத் தூக்கி, வாள் சுழற்றி, தம் மல்லர்களுள் ஒருவரோடு பொருதுவது கிருஷ்ணதேவராயரின் நாள்வழக்கம் என்கிறார் பயஸ். திருமலைக் கோயிலுக்குச் செல்வோர் நுழைவு மண்டபத்தில் இரு தேவியரோடு கைகூப்பி நிற்கும் அவருடைய செப்புப் படிமத்தைக் கண்டிருப்பர். வரிசையின் நெருக்கடியில் பலர் அதனைப் பாராமலே கடந்துவிடுவதும் உண்டு. சில ஆண்டுகள் கழித்து அந்நகரைப் பற்றி எழுதிய நூனிஸ், அரண்மனைப் பெண்டிரின் பட்டியலில் மற்போர் செய்யும் பெண்களையும் சேர்க்கிறார். அவர்கள் எவரோடு பொருதனர், எவர் பார்த்தனர் என்பதற்கு அவர் ஒரு வரியும் தரவில்லை. பெண்டிர் பலருள் ஒரு வகையாக எண்ணப்பட்டுவிட்டனர், அவ்வளவே.

கையுறையும் கயிறு கட்டிய மேடையும் கொண்ட இன்றைய குத்துச்சண்டை ஆங்கிலேயரோடு வந்தது. சென்னையில் அது வேரூன்றிய இடம் துறைமுகத்தை ஒட்டிய வடசென்னை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனப் பரம்பரைகளாகப் பிரிந்து ஆடிய அந்த உலகத்தைப் பற்றி 2021இல் வந்த பா. இரஞ்சித்தின் திரைப்படத்துக்குப் பிறகு பலரும் அறிவர். கித்தேரி முத்து என்னும் சார்பட்டா வீரர் நாட் டெர்ரி என்னும் வெள்ளையரை வீழ்த்திய கதை அப்பகுதியின் வாய்மொழி வரலாற்றில் ஒரு தொன்மமாகவே நிலைத்திருக்கிறது. இங்கு நான் கவனிக்க விரும்புவது ஒன்றே. வடசென்னைப் பார்வையாளர் சாத்தந்தையார் வகையினர். பாதம் வைக்கும் முறையைப் பார்த்தே எந்தப் பரம்பரை என்று சொல்லக்கூடியவர். அவருக்கும், 150 கிலோமீட்டர் தள்ளிச் சித்தூரில் மாலை நாளேட்டில் முடிவை மட்டும் படித்தவருக்கும் இடையே இருந்தது ஒரு மொழியும் ஒரு பேருந்து வழியும்தான்.

இனி 1980. முகம்மது அலி இந்தியாவுக்கு வந்த ஆண்டு. 1978 செப்டம்பரில் நியூ ஆர்லியன்சில் லியான் ஸ்பிங்க்சை வென்று மூன்றாம் முறையாகப் பட்டம் பெற்றவர், 1979இல் ஓய்வை அறிவித்திருந்தார். 1980 ஜனவரி 17 அன்று அவருக்கு 38 வயது நிறைந்தது. அம்மாத இறுதியில் அவர் இங்கே இருந்தார். ஜனவரி 27 அன்று தில்லியில் பஞ்சாபைச் சேர்ந்த படைவீரர் கௌர் சிங்கோடு நான்கு சுற்றுக் காட்சிப் போட்டி ஆடினார். சென்னையில் நேரு விளையாட்டரங்கில் அவரோடு ஆடியவர் ஜிம்மி எல்லிஸ். எல்லிஸ் ஏதோ துணைக்கு வந்தவர் அல்லர். அலியின் ஊரான லூயிவில்லைச் சேர்ந்தவர். அலியின் பட்டம் பறிக்கப்பட்ட காலத்தில், 1968இல், உலகக் குத்துச்சண்டைச் சங்கத்தின் பெரும் எடைப் பட்டத்தை வென்றவர். 1971இல் ஹூஸ்டனில் அலியிடமே பன்னிரண்டாம் சுற்றில் தோற்றவர். நண்பர்கள் இருவர், இருவரும் முன்னாள் உலக வீரர்கள், சென்னை மேடையில் விளையாட்டாக மோதிக்கொண்டனர். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். முன்னின்று வரவேற்றார்.

என் தாய்மாமன் அதற்குப் போயிருந்தார். சித்தூரில் வெல்ல மண்டியில் கணக்கு எழுதியவர். குத்துச்சண்டையை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அவரிடம் இதனைக் கேட்பது ஒரு வழக்கமாகவே இருந்தது. “யார் மாமா ஜெயிச்சது?” என்றால், “எம்.ஜி.ஆர்.தான்” என்பார். சிரிப்புக்காகச் சொன்னது அன்று. அவர் போனதே எம்.ஜி.ஆரைப் பார்க்க. அரங்கின் கடைசிப் படிகளிலிருந்து மேடை தீப்பெட்டி அளவு தெரிந்ததாம். குத்து விழுந்ததா என்று தெரியவில்லை. கூட்டம் கத்தியபோது தாமும் கத்தினாராம். அலியைப் பற்றி அவர் நினைவில் நின்றது ஒன்று: “அவ்ளோ பெரிய ஆளு, காலு மட்டும் தரையில படவே இல்லடா.” குத்துச்சண்டை நூல்கள் பக்கம் பக்கமாய் விளக்கும் ஒன்றை, விதியறியாத ஒருவர், தீப்பெட்டி அளவு மேடையிலிருந்து கண்டுகொண்டார் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

காட்சிப் போட்டியில் வெற்றி தோல்வி அறிவிக்கப்படுவதில்லை. ஆகவே மாமாவின் விடை நடைமுறையில் பிழையும் அன்று. ஆனால் வரலாறு அதற்கு வேறொரு முடிவு எழுதியது. 1980 பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆரின் அரசு கலைக்கப்பட்டது. அலியின் பயணமோ அதற்கு முன்பே திசைமாறியிருந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததை எதிர்த்து மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க ஆப்பிரிக்க நாடுகளைத் திரட்டும்படி அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கேட்டுக்கொள்ள, அலி இந்தியாவிலிருந்தே அரசு விமானத்தில் தான்சானியாவுக்குப் பறந்தார். தார் எஸ் சலாமில் அதிபர் நைரேரே அவரைச் சந்திக்க மறுத்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்துப் பட்டத்தையே இழந்தவர் இப்போது அமெரிக்க அரசின் தூதராய் வந்திருப்பதைச் செய்தியாளர்கள் முகத்துக்கு நேரே வினவினர். அப்பயணம் தோல்வி என்றே பெரும்பாலோர் கணிக்கின்றனர். நேரு அரங்கில் கூச்சலிட்ட கூட்டத்துக்குத் தாம் வழியனுப்பியது இதற்குத்தான் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று ஓய்வை முறித்துக்கொண்டு லாரி ஹோம்சோடு மோதிய அலி, பத்தாம் சுற்றுக்குப் பின் எழவில்லை. அவருடைய பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்தினார். சென்னையில் பார்த்த கால்கள் அவ்வளவுதான்.

கௌர் சிங்கைப் பற்றி இங்கே ஒரு சொல். அலியோடு மேடையேறியபின் இரண்டாண்டுகளில், 1982இல், தில்லி ஆசிய விளையாட்டில் பெரும் எடைப் பிரிவில் தங்கம் வென்றார். இந்தியத் தொலைக்காட்சிக்கு வண்ணம் வந்த விளையாட்டு அது. அருச்சுனா விருதும் 1983இல் பத்மசிறீயும் கிடைத்தன. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார். பிறகு சங்ரூர் மாவட்டத்துச் சிற்றூரில் வேளாண்மைக்குத் திரும்பிவிட்டார். 2017இல் இதய நோய்ச் சிகிச்சைக்கு அவர் கடன் வாங்க நேர்ந்தது நாளேடுகளில் வெளியான பின்பே படைத்துறையும் நடுவண் அரசும் பணம் அனுப்பின. 2023 ஏப்ரலில் மறைந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அவரை எவரும் பார்க்கவில்லை என்பதே இதன் பொருள். நூனிஸ் சொன்ன மல்லனுக்குக் காயத்துக்கான பட்டு அன்றைக்கே, கையோடு கிடைத்தது.

ஒருநாள் பார்வையாளன் வீரனை உருவாக்குகிறான். அவனே விரைவில் மறக்கவும் செய்கிறான். இதற்காக அவனைக் குறைகூற என்னால் இயலவில்லை, ஏனெனில் அவனுக்கு அந்த ஆட்டம் ஆண்டுதோறும் காட்டப்படுவதில்லை. கிரிக்கெட்டுக்கு நாள்தோறும் ஒளிபரப்பு உண்டு. குத்துச்சண்டை நான்காண்டுக்கு ஒருமுறை, பதக்கம் கிட்டும் தறுவாயில் மட்டும் திரையில் தோன்றும். 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற சென்னை வீரர் வெ. தேவராஜனின் பெயரை எங்கள் மாவட்டத்தில் எத்தனை பேரிடம் சொன்னாலும் திகைப்பே மறுமொழியாக வருகிறது. 2008 பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் வெண்கலம் வென்றபோதுதான் ஒலிம்பிக் குத்துச்சண்டையில் இந்தியாவுக்கு முதற்பதக்கம் வந்தது.

நானும் நக்கண்ணையார் வகையினன்தான். 2012 ஆகஸ்ட் 8 மாலை, இலண்டன் ஒலிம்பிக்கில் மேரி கோம் அரையிறுதியில் ஆடியதைச் சித்தூர்ப் பேருந்து நிலையம் அருகே ஒரு தேநீர்க் கடையில் நின்று பார்த்தேன். பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் நுழைந்த முதல் ஆண்டு அது. மூன்றே எடைப் பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. 46, 48 கிலோப் பிரிவுகளில் உலகப் பட்டங்கள் வென்றிருந்த மேரி கோம், இடமில்லாததால் 51க்கு ஏறி ஆட வேண்டியிருந்தது. எதிரே நிக்கோலா ஆடம்ஸ், இங்கிலாந்தினர், தம் நாட்டு அரங்கம், உயரமும் கைநீளமும் கூடுதல். கடையில் இருந்த பதினைந்து பேரில் எவருக்கும் இவை தெரியா. மணிப்பூர் எங்கிருக்கிறது என்பதிலேயே இருவரிடையே கருத்து வேறுபாடு. ஆனால் இரண்டு குழந்தைகளின் தாய் என்பது அனைவருக்கும் தெரிந்திருந்தது. அதுவே போதுமானதாய் இருந்தது. தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறி அவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. “பக்கனுஞ்சி கொட்டம்மா” என்று கடைக்காரர் கரண்டியோடு முன்வந்தார். மூன்றாம் சுற்று முடிந்த இடைவேளையில் மின்சாரம் போயிற்று. அவ்வாண்டு ஆந்திரத்தில் மின்வெட்டுக்கு வேளை பார்க்க வேண்டியதில்லை. கடைசிச் சுற்றை எவரும் காணவில்லை. யாரோ கைப்பேசியில் கேட்டு 11-6 என்றார், தோல்வி.

அதன்பின் எழுந்த வாதமே எனக்கு முக்கியமானது. தோற்றவருக்கு வெண்கலம் எப்படி? மூன்றாம் இடத்துக்கு இன்னோர் ஆட்டம் உண்டல்லவா? குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே வெண்கலம் தரப்படும். அடிபட்ட உடம்புகளை மீண்டும் மோதவிடக் கூடாது என்பதே காரணம். இதனை விளக்கியபோது கடைக்காரர் சற்றுநேரம் எண்ணிவிட்டு, அது நல்ல விதிதான் என்றார். ஓர் ஆட்டத்தின் அறம் ஒன்றை, அதன் விதியே அறியாதோர் அந்தத் திரிவிளக்கு வெளிச்சத்தில் ஏற்றுக்கொண்டனர்.

புள்ளிக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டநின்று பார்ப்போரை மிகவும் குழப்புவது அதுவே. 2012 வரை நடுவர்கள் பொத்தானை அழுத்தி ஒவ்வொரு குத்தையும் எண்ணினர். 11-6 என்றால் ஏறத்தாழ அத்தனை குத்துகள் ஏற்கப்பட்டன என்று பொருள். அடுத்த ஆண்டே அம்முறை கைவிடப்பட்டு, சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது அல்லது குறைவு என்னும் தொழில்முறை வழக்கம் வந்தது. இப்போது 5-0 என்று திரையில் வந்தால் எதிரி ஒரு குத்துகூட விடவில்லை என்று பொருளன்று. ஐந்து நடுவரும் ஒரே பக்கம் தீர்ப்பளித்தனர் என்றே பொருள். மூன்று சுற்றும் மயிரிழையில் முடிந்த ஆட்டமும் 5-0 ஆகலாம். பழைய முறை கண்ணுக்கு எளிது, ஆயினும் கண்ணை ஏமாற்றுவது. நடுவர்களின் விரல்கள் ஒரே நொடியில் இணங்க வேண்டியிருந்ததால் உடலில் விழும் வலிய அடிகள் பல கணக்கில் வாராமலே போயின என்ற குறை நெடுநாள் இருந்தது. புதிய முறை ஆட்டத்துக்கு நேர்மையானது என்பது என் எண்ணம். ஆனால் அது தேநீர்க் கடையைக் கைவிட்டுவிட்டது.

2022 மே 19 அன்று இஸ்தான்புல்லில் நிகத் சரீன் தாய்லாந்தின் ஜித்பாங் ஜுதாமாசை 5-0 என வென்று 52 கிலோப் பிரிவில் உலகப் பட்டம் பெற்றபோது திருப்பதியில் நான் கேட்ட முதல் வினா, “மனோளா?” என்பது. நம்மவரா என்று பொருள். நிகத் நிஜாமாபாத்தில் பிறந்தவர். 2014க்கு முன் கேட்டிருந்தால் விடை எளிது. இப்போது அவர் தெலங்கானா. தெலுங்கு பேசுபவர், உருதுவும் பேசுபவர். கேட்டவரோ வீட்டில் தமிழ் பேசும் திருப்பதிக்காரர். மாவட்டம் பிரிந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சற்றே தயங்கி அவரே, “மனோளே” என்று முடித்துக்கொண்டார். புறநானூற்றுக் கூட்டத்தில் இவர் எந்தச் சாரியில் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

இந்த உரிமை கோரல் எல்லா நாட்டிலும் உண்டு; அளவில்தான் வேறுபாடு. 2015 மே மாதம் மேனி பாக்கியாவ், மேவெதரோடு லாஸ் வேகசில் ஆடியபோது பிலிப்பைன்சில் ஞாயிறு காலை. திரையரங்குகளிலும் ஊர்ப்பொது மண்டபங்களிலும் மக்கள் திரண்டனர். பலாவன் தீவின் மின்கூட்டுறவு நிறுவனம், எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓட மின்சாரம் போதாது, ஆதலால் குளிர்பெட்டிகளை நிறுத்தி வையுங்கள் என்று முன்கூட்டியே வேண்டிக்கொண்டது. ஒரு சண்டைக்காக மீனும் இறைச்சியும் கெட்டாலும் கெடட்டும் என்று ஒரு தீவு முடிவெடுக்க முடிந்திருக்கிறது. பாக்கியாவ் தோற்றார். எங்கள் கடையிலோ வேண்டுகோள் ஏதுமின்றியே மின்சாரம் போயிற்று. பாக்கியாவுக்கு நாட்டு மக்கள் மேலவை உறுப்பினர் பதவியும் கொடுத்தனர். கௌர் சிங்குக்கு நாம் கொடுத்ததை மேலே கண்டோம். ஒன்று கவனிக்கத்தக்கது: பாக்கியாவை அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறையேனும், பல ஆண்டுகள், தொடர்ந்து பார்த்தனர். பார்வையின் இடைவெளியே நினைவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என நான் கருதுவதற்கு இதுவே காரணம். நாட்டுப்பற்றின் அளவைக் கொண்டு இதனை விளக்க முற்படுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் நிகத் சீனத்தின் வூ யூவிடம் இரண்டாம் ஆட்டத்திலேயே 0-5 எனத் தோற்று அழுதுகொண்டே வெளியேறினார். இம்முறை திருப்பதியில் எவரும் எதையும் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். 1980 ஜனவரியில் சித்தூர், திருப்பதி, புத்தூர், நகரி, திருத்தணிப் பகுதிகளிலிருந்து சென்னை நேரு அரங்குக்குச் சென்று அலியைப் பார்த்தவர்கள், அல்லது அவர்தம் பிள்ளைகள், இதனைப் படிக்க நேர்ந்தால் எழுதுங்கள். நுழைவுச்சீட்டு, பேருந்துச்சீட்டு, நாளேட்டு நறுக்கு, மடித்துவைத்த புகைப்படம் எதுவாயினும் பயன்படும். எதுவும் இல்லையெனில் எந்தப் படியில் அமர்ந்திருந்தீர்கள், அங்கிருந்து என்ன தெரிந்தது என்பதை மட்டும் சொன்னாலும் போதும். ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தயங்க வேண்டா. நான் தேடுவது அவர்களைத்தான்.